டைமிங் கோளாறு: எதைக் கழற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு விநாடி கடகடவென்று தட்டும் சத்தம். ஸ்கேனரைச் செருகினால் பி0016: பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டும் ஒத்துப்போகவில்லை, அதாவது டைமிங் பிசகியிருக்கிறது என்ற பிழைக் கோடு. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தண்டுகளை இணைக்கும் டைமிங் செயினின் முழு கிட்டுக்கு ஆர்டர் போடுபவர்களும் உண்டு, கேம் சென்சரை மாற்றி வண்டியை அனுப்பிவிடுபவர்களும் உண்டு. முதல் வகையினர் தேவையில்லாத வேலைக்கு இன்ஜின் முன்பக்கத்தையே பிரித்துப் போடுகிறார்கள். இரண்டாவது வகையினரின் வண்டி ஒரு மாதத்தில் திரும்பி வருகிறது.

சத்தமும் கோடும் பிழை இருக்கிறது என்றுதான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. எந்த வேலையைச் செய்வது என்பது மூன்று கேள்விகளின் விடையில் இருக்கிறது: கேம் எத்தனை டிகிரி விலகியிருக்கிறது, அட்வான்ஸா (முந்தலா) ரிட்டார்டா (தாமதமா), ஒரு பேங்க் (வி வடிவ இன்ஜினின் ஒரு பக்கச் சிலிண்டர் வரிசை) மட்டுமா இரண்டுமா. இந்த மூன்றையும் அளக்காமல் பழுதுபார்க்கும் வழிகளை ஒப்பிடுவதில் பயனில்லை. அதனால் முதலில் அளவு, பிறகு வேலை.

டிகிரிக் கணக்கு

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) 21 பல், கேம் ஸ்ப்ராக்கெட்டில் 42 பல், செயினின் பிட்ச் (அடுத்தடுத்த இணைப்புகளின் இடைவெளி) 8 மில்லிமீட்டர் என்று ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்வோம். கேம் ஸ்ப்ராக்கெட்டின் சுற்றளவு 336 மில்லிமீட்டர். அது கிராங்க் கணக்கில் 720 டிகிரி. ஆக, ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கிராங்கில் 2.14 டிகிரி. ஒரு பல் தாண்டினால் 17 டிகிரி.

செயின் நீள்கிறது என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து சிறிய இடைவெளி உண்டாகிறது, 150 இணைப்புகளில் அது கூடிப் பெரிதாகிறது. 1200 மில்லிமீட்டர் செயின் அரை சதவீதம் நீண்டால் 6 மில்லிமீட்டர். ஆனால் டைமிங்கைப் பாதிப்பது முழு நீளமல்ல, கிராங்க் கேமை இழுக்கும் இறுகிய பக்கம் மட்டும்தான். அது 400 மில்லிமீட்டர் இருந்தால் 2 மில்லிமீட்டர் பிசகு, அதாவது கிராங்கில் 4.3 டிகிரி. மீதித் தொய்வைத் தளர்ந்த பக்கத்தில் செயினை அழுத்தி இறுக்கும் டென்ஷனர் வாங்கிக்கொள்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. 3 முதல் 8 டிகிரி வரை நிலையான பிசகு என்றால் தேய்ந்த செயின். 15 முதல் 18 டிகிரி என்றால் பல் தாண்டியிருக்கிறது. கையில் இருக்கும் இன்ஜினின் கிராங்க் பற்களை எண்ணி 360-ஐ வகுத்தால் அந்த இன்ஜினுக்கான ஒரு பல் அளவு கிடைத்துவிடும்.

திசையும் முக்கியம். நீண்ட செயின் கேமைப் பின்னுக்கு, அதாவது ரிட்டார்டுக்கு மட்டுமே தள்ளும். அட்வான்ஸ் பக்கம் நிலையாக நிற்கிறது என்றால் செயினைக் குறை சொல்ல முடியாது. ஃபேசர் (ஆயில் பிரஷரால் கேமைத் திருப்பி டைமிங்கை மாற்றும் கருவி) சிக்கியிருக்கலாம், அதற்கு ஆயிலை அனுப்பும் ஆயில் கன்ட்ரோல் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கலாம், முன்பு வேலை செய்தவர் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம், கிராங்க் சென்சர் படிக்கும் பல்சக்கரமே நகர்ந்திருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஃபேசரின் வீச்சு பல இன்ஜின்களில் கிராங்க் கணக்கில் 40 டிகிரிக்கும் மேல். ஆகவே 34 டிகிரி பிசகு என்றதும் இரண்டு பல் தாண்டிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அந்தப் பிசகு அசைகிறதா, நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். செயின் பிசகு அசையாது. ஃபேசர் பிசகு ஆர்.பி.எம்., ஆயில் சூடு இரண்டுக்கும் ஏற்ப மாறும்.

கோடுகளைப் படிப்பது

பி0016 முதல் பேங்கின் இன்டேக் கேம், பி0017 அதே பேங்கின் எக்ஸாஸ்ட் கேம், பி0018-ம் பி0019-ம் இரண்டாவது பேங்கின் அதே ஜோடி. நான்கும் கிராங்கோடு கேம் ஒத்துப்போகவில்லை என்று சொல்பவை. பி0011, பி0012, பி0014, பி0015 வகை வேறு: கேமை நகர்த்தச் சொன்னேன், சொன்ன இடத்துக்கு வரவில்லை என்பது அவற்றின் பொருள். முதல் வகை இயந்திரத் தொடர்பைச் சந்தேகிக்கிறது, இரண்டாவது வகை ஆயிலையும் வால்வையும் ஃபேசரையும் சந்தேகிக்கிறது. இரண்டாவது வகைக் கோடு மட்டும் தனியாக வந்தால் டைமிங் கவரைத் தொட இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

வி வடிவ இன்ஜினில் பேங்க் கணக்குதான் பெரிய உதவி. ஒரு கேமில் மட்டும் பிசகு என்றால் அந்தக் கேமின் ஃபேசர், வால்வு அல்லது சென்சர் படிக்கும் வளையம். ஒரு பேங்கின் இரண்டு கேமும் ஒரே அளவு பிசகினால் அந்தப் பேங்கின் செயின். இரண்டு பேங்கும் ஒன்றாகப் பின்தங்கினால் பொதுவான இடம்: பிரைமரி செயின், கிராங்க் ஸ்ப்ராக்கெட், அல்லது கிராங்க் சென்சரின் பல்சக்கரம். ஜெனரல் மோட்டார்ஸின் 3.6 லிட்டர் வி6 இதற்கு நல்ல உதாரணம். ஒரு பிரைமரி, இரண்டு செகண்டரி என மூன்று செயின்கள் கொண்ட அந்த இன்ஜினில் பேங்க் முழுவதும் விலகியதைத் தனியாகச் சொல்ல பி0008, பி0009 என்று இரண்டு கோடுகளே இருக்கின்றன. இரண்டும் ஒன்றாக வந்தால் பிரைமரி செயின் பக்கம் பார்க்க வேண்டும்.

எந்தக் கருவி, எப்போது

ஸ்கேனரின் லைவ் டேட்டா எல்லோரிடமும் இருப்பது. சூடான இன்ஜினில் ஐடிலில் விரும்பிய கேம் கோணமும் உண்மையான கேம் கோணமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்கேனரில் ஆக்சுவேட்டர் டெஸ்ட் இருந்தால் ஐடிலிலேயே ஆயில் கன்ட்ரோல் வால்வை இயக்கிப் பார்க்க வேண்டும். கேம் நகர்ந்தால் ஐடில் தடுமாறும், சில நேரம் இன்ஜின் நின்றே போகும். வால்வை விட்டதும் பழைய இடத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஒரே 5 டிகிரி பிசகில் வந்து நின்றால் செயின். மெதுவாக, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து நின்றால் ஆயில் அல்லது ஃபேசர். ஸ்கேனரின் ஒரு குறை: இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பிசகைத் தானே கற்றுக்கொண்டு பூஜ்யமாகக் காட்டும் வண்டிகள் உண்டு. கற்ற மதிப்பைத் தனியாகக் காட்டும் வரியைத் தேடிப் பார்க்காவிட்டால் ஏமாந்துபோவோம்.

இரண்டு சேனல் ஆஸிலோஸ்கோப் அந்த ஏமாற்றத்தைத் தாண்டிப் போகும். ஒரு சேனலில் கிராங்க் சென்சர், இன்னொன்றில் கேம் சென்சர். பல இன்ஜின்களில் கிராங்க் சக்கரம் 60 பல்லில் இரண்டைக் குறைத்தது. ஒரு பல் 6 டிகிரி. பல் இல்லாத இடைவெளியிலிருந்து கேம் சிக்னல் மாறும் இடம் வரை பற்களை எண்ணி, நல்ல இன்ஜினின் படத்தோடு ஒப்பிட்டால் போதும். செயின் ஒரு பல் தாண்டியிருந்தால் கேம் விளிம்பு இந்தச் சக்கரத்தில் கிட்டத்தட்ட மூன்று பல் தள்ளி நிற்கும், தேய்மானம் என்றால் ஏறக்குறைய ஒரு பல் அளவுதான். வண்டி ஓடும்போது எடுப்பதைவிட ஸ்டார்ட்டர் சுற்றும்போது எடுத்த படம் சுத்தமானது, அப்போது ஃபேசர்கள் பூட்டிய நிலையில் இருக்கும். நல்ல இன்ஜினின் படம் கையில் இல்லையென்றால் ஸ்கோப்பின் மதிப்பு பாதியாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கருவிகள் இரண்டும் சென்சரை நம்புகின்றன. கேமில் உள்ள வளையம் நகர்ந்தாலும், கிராங்க் பல்சக்கரம் விரிசல் விட்டாலும், டைமிங் சரியாக இருக்கும்போதே தவறு என்று காட்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் டிரான்ஸ்டியூசர் சென்சரை நம்புவதில்லை, வால்வையே பார்க்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அங்கே மாட்டி இன்ஜினை ஓட்டினால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் இடம் படத்தில் தெளிவாகத் தெரியும். பெட்ரோல் இன்ஜினில் அது வழக்கமாக பாட்டம் டெட் சென்டருக்கு (பிஸ்டன் மிகக் கீழே இருக்கும் இடம்) 30 முதல் 50 டிகிரி முன்னால். வி இன்ஜின் என்றால் நல்ல இன்ஜினின் படமே தேவையில்லை. எதிர்ப் பேங்கில் இன்னொரு சிலிண்டரில் எடுத்து ஒப்பிட்டால் எந்தப் பேங்க் எத்தனை டிகிரி பின்தங்குகிறது என்று தெரிந்துவிடும். கவரைக் கழற்றும் முன் செய்யக்கூடிய சோதனைகளில் எங்கள் முதல் தேர்வு இதுவே, பிளக்கை எளிதில் எட்ட முடிகிற இன்ஜினாக இருந்தால்.

வாக்யூம் கேஜும் கம்ப்ரெஷன் கேஜும் பழைய கருவிகள், ஆனால் பொய் சொல்லாதவை. பெட்ரோல் இன்ஜின் கடல் மட்டத்தில் ஐடிலில் 17 முதல் 22 அங்குலம் (பாதரச அளவில்) வாக்யூம் காட்ட வேண்டும். முள் ஆடாமல் அசையாமல் 10, 12-ல் நின்றால் வால்வு டைமிங் தாமதம். முள் துடித்தால் வேறு கதை. உயரம் கூடக்கூட ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். டீசலில் இந்தச் சோதனை செல்லாது. கம்ப்ரெஷனில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, வடிவத்தை: ஒரு கேமின் கீழ் உள்ள சிலிண்டர்கள் எல்லாம் ஒரே அளவில் இறங்கியிருந்தால் டைமிங், ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் வால்வோ ரிங்கோ.

கடைசி வழி கண்ணால் பார்ப்பது. வால்வு கவரைத் திறந்து, ஒன்றாம் சிலிண்டரை டாப் டெட் சென்டரில் வைத்து, கேமைச் சரியான இடத்தில் பூட்டும் லாக்கிங் பின் உட்காருகிறதா என்று பார்ப்பது. சில இன்ஜின்களில் டென்ஷனரின் பிளஞ்சர் (செயினைத் தள்ளும் தண்டு) எத்தனை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கிறது என்பதை ஒரு சிறிய மூடியைத் திறந்தே பார்த்துவிடலாம். பிளஞ்சர் தன் வீச்சின் கடைசியில் நின்றால் செயினின் ஆயுள் முடிந்தது, வேறு சாட்சி தேவையில்லை.

பிரிப்பதற்கு முன் விலக்க வேண்டியவை

ஆயில் அளவு, ஆயில் கிரேடு, ஆயில் பிரஷர். ஃபேசரும் டென்ஷனரும் ஆயிலால் இயங்கும் கருவிகள், ஆயிலில் குறை இருந்தால் அவை இரண்டும் குற்றவாளி போலத் தெரியும். பிரஷரை டேஷ்போர்டை நம்பாமல் மெக்கானிகல் கேஜில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும். குளிரில் நல்ல பிரஷர் காட்டி, சூட்டில் ஐடிலில் சரியும் இன்ஜினில் புதிய ஃபேசர் மாட்டினாலும் தட்டும்.

ஃபோர்டின் 5.4 லிட்டர் மூன்று வால்வு ட்ரைட்டன் இன்ஜின் இந்தப் பாடத்தைப் பலருக்குக் கற்றுக்கொடுத்தது. சூடான ஐடிலில் டீசல் மாதிரித் தட்டும், ஃபேசரை மாற்றுவார்கள், சில மாதத்தில் திரும்பத் தட்டும். காரணம் பல வண்டிகளில் ஃபேசருக்குக் கீழே இருந்தது. பிளாஸ்டிக் உடல் கொண்ட டென்ஷனரின் பின்னால் உள்ள சீல் பிய்ந்து ஆயில் அங்கேயே கசிந்துவிடும், மேலே ஹெட்டுக்குப் போக வேண்டிய பிரஷர் குறையும். கசிவை அடைக்காமல் ஃபேசரை மட்டும் மாற்றுவது ஓட்டை வாளிக்குப் புதுக் கயிறு கட்டுவதுதான்.

ஆயில் கன்ட்ரோல் வால்வைக் கழற்றி அதன் சல்லடையைப் பார்க்க வேண்டும். மின்தடை டொயோட்டாவின் பல வால்வுகளுக்கு 20 டிகிரி செல்சியஸில் 6.9 முதல் 7.9 ஓம், மற்றவற்றுக்கு அந்தந்தக் கையேட்டு அளவு. ஒரு கணம் 12 வோல்ட் கொடுத்தால் வால்வுக்குள் நகரும் ஸ்பூல் முழு வீச்சுக்கு நகர்ந்து உடனே திரும்ப வேண்டும். டிக் என்ற சத்தம் வந்தால் மட்டும் போதாது, பாதி தூரம் நகர்ந்து நிற்கும் ஸ்பூலும் டிக் என்று சொல்லும். சல்லடையில் உலோகத் துகளோ பிளாஸ்டிக் துணுக்கோ கிடந்தால் கேள்வி வேறு திசைக்குத் திரும்புகிறது: அது செயினை வழிநடத்தும் கைடு உடைந்து வந்ததாக இருக்கலாம், கவரைத் திறந்தே ஆக வேண்டும்.

கூடவே கிராங்க் போல்ட். சில இன்ஜின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சாவியே (அதைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) கிடையாது. போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் அதைப் பிடித்திருக்கிறது. முன்பு யாராவது புல்லியைக் கழற்றி, பழைய போல்ட்டையே சரியாக இறுக்காமல் மாட்டியிருந்தால், செயின் புத்தம் புதிதாக இருந்தாலும் டைமிங் வழுக்கும்.

நான்கு அளவிலான வேலைகள்

அளவு கையில் இருந்தால் வேலையைத் தேர்ந்தெடுப்பது கஷ்டமில்லை.

மிகச் சிறியது ஆயில், ஃபில்டர், கன்ட்ரோல் வால்வு. ஒன்றிரண்டு மணி நேர வேலை. கோடு பி0011 வகையாக, பிசகு அசைவதாக, நிலையான விலகல் எதுவும் இல்லாததாக இருந்தால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். குளிர் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு விநாடி சத்தம் வரும் வண்டிகளில் ஃபில்டரைச் சந்தேகிப்பது நல்லது. ஃபில்டருக்குள் ஆயில் வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு தரமற்றதாக இருந்தால் இரவெல்லாம் ஆயில் சம்புக்கு (இன்ஜினின் அடித்தொட்டி) இறங்கிவிடும், காலையில் டென்ஷனர் காலியாக இருக்கும். ஃப்ளஷ் ஊற்றுவதில் எங்களுக்கு விருப்பமில்லை. படிந்த கசடு பெயர்ந்து வந்து ஆயில் பம்ப் உறிஞ்சும் பிக்கப் சல்லடையையே அடைக்கும். பதிலாக, சரியான கிரேடு ஆயிலைக் குறுகிய இடைவெளியில் இரண்டு முறை மாற்றுவது பாதுகாப்பு.

அடுத்தது டென்ஷனர் மட்டும். வெளியிலிருந்தே கழற்றக்கூடிய இன்ஜின்களில் இது ஆசையைத் தூண்டும் வழி. பிளஞ்சர் வீச்சு எல்லைக்குள் இருந்து, டிகிரிப் பிசகு இல்லாமல், ஸ்டார்ட்டில் மட்டும் சத்தம் இருந்தால் சரியான வழியும்கூட. செயின் 5 டிகிரி பின்தங்கியிருக்கும்போது செய்தால் மோசமான வழி. புதிய டென்ஷனர் தொய்வை எடுத்துச் சத்தத்தை நிறுத்தும், இறுகிய பக்கத்தின் நீளம் அப்படியே இருக்கும். எச்சரிக்கை மணி போய்விடும், நோய் போகாது.

ஃபேசர் மட்டும் மாற்றுவது மூன்றாவது. செயினை ஆப்புக் கருவியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, டைமிங் கவரைத் திறக்காமல் மேலிருந்தே ஃபேசரை மாற்றலாம். செயின் நீளாத, கைடுகள் முழுசாக இருக்கிற, ஆயில் பிரஷர் நன்றாக இருக்கிற இன்ஜினில் அரை நாளில் முடியும். ஆப்பு ஒருமுறை நழுவினால் செயின் கீழே விழும், டென்ஷனர் முழுவதும் நீண்டுவிடும், பிறகு கவரைக் கழற்றாமல் வழியில்லை. அதிக தூரம் ஓடிய வண்டியில் இந்த ஆபத்தை ஏற்பது லாபமில்லை. அந்த வயதில் கைடும் நொறுங்கும் நிலையில்தான் இருக்கும்.

முழு கிட் என்றால் செயின்கள், கைடுகள், டென்ஷனர்கள், ஸ்ப்ராக்கெட்டுகள், கிராங்க் ஆயில் சீல், கேஸ்கெட்டுகள், ஒருமுறை மட்டுமே பயன்படும் போல்ட்டுகள், நிலையைப் பார்த்து ஃபேசர்கள். வாட்டர் பம்ப் கவருக்குள்ளேயே இருந்தால் அதுவும். பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போடுவது அடிக்கடி நடக்கும் சிக்கனம். தேய்ந்த பல் நீண்ட செயினின் பிட்ச்சுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும், அது புதுச் செயினையும் தன் அளவுக்கு இழுத்துக்கொள்ளும். சில இன்ஜின்களில் பழைய செயினை வெட்டி, அதன் நுனியில் புதியதை இணைத்துச் சுற்றி உருட்டி ரிவெட் அடிக்கும் முறை உண்டு. கவரைத் திறக்காமல் முடியும் என்பது அதன் கவர்ச்சி, கைடையும் கீழ் ஸ்ப்ராக்கெட்டையும் பார்க்கவே முடியாது என்பது அதன் விலை. கைடு நன்றாக இருப்பதை போரோஸ்கோப்பில் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் சிறு கேமரா) உறுதிசெய்த பிறகு மட்டும் அதை யோசிக்கலாம்.

கழற்றிய செயினை அளப்பதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. டொயோட்டா கையேடுகள் 147 நியூட்டன் விசையில், அதாவது சுமார் 15 கிலோ எடையில் இழுத்துப் பிடித்து, குறிப்பிட்ட எண்ணிக்கைப் பின்களுக்கு இடையே வெர்னியரால் மூன்று இடங்களில் அளக்கச் சொல்கின்றன. பழைய செயின் எல்லைக்குள்ளேயே இருந்தால் நாம் கண்டுபிடித்த காரணம் தவறு. கவரை மூடுவதற்கு முன் அது தெரிவது நல்லது.

இன்ஜினை இறக்குவதா, வண்டியிலேயே செய்வதா

செயின் முன்பக்கம் இருக்கும் நீளவாக்கு இன்ஜின், விசாலமான பானெட் என்றால் வண்டியிலேயே செய்யலாம். ரேடியேட்டரையும் ஃபேனையும் எடுத்துவிட்டால் கை போகும். செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் இன்ஜின்களில், பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் அதற்கு அறியப்பட்ட உதாரணம், இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் பேச்சே இல்லை. குறுக்குவாக்கில் வி6 வைத்த எஸ்யூவிகள் நடுவில் நிற்கின்றன. பக்கச் சட்டத்துக்கும் கவருக்கும் இடையே நான்கு விரல் இடம் இருக்கும், செய்துவிட முடியும். ஆனால் சீலன்ட் வைத்த கவரைத் துடைக்கவும் நேராகப் பதிக்கவும் அந்த இடம் போதாது. சப்ஃப்ரேமோடு (இன்ஜினைத் தாங்கும் அடிச்சட்டம்) இறக்குவது கூடுதல் நேரம் எடுத்தாலும், பின்னால் ஆயில் கசிந்து திரும்ப வருவதோடு ஒப்பிட்டால் குறைந்த நேரமே.

பெல்ட் வண்டிகளும் கியர் வண்டிகளும்

பெல்ட்டில் தேர்வு அதிகம் கிடையாது. கழற்றிய பெல்ட்டைத் திரும்பப் போடுவதில்லை. டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் ஒன்றாக. டொயோட்டாவின் 1கேடி டீசலில் பல நாடுகளில் இடைவெளி 1,50,000 கிலோமீட்டர். அதை நினைவூட்ட மீட்டரிலேயே ஒரு விளக்கு எரியும். விளக்கை மட்டும் அணைத்துப் பெல்ட்டை மாற்றாமல் விட்ட வண்டி வாங்கியவர் கையில் மாட்டும். பெல்ட் ஆயிலுக்குள் ஓடும் இன்ஜின்களில் கூடுதல் வேலை உண்டு: உதிர்ந்த ரப்பர் பிக்கப் சல்லடையை அடைக்கும், அதனால் சம்பைக் கழற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது அரைகுறை. அங்கே ஆயில் கிரேடு தவறினால் பெல்ட்டே ஊறி வீங்கும்.

பெல்ட் அறுந்த டீசலில் வால்வு பிஸ்டனைத் தொடாமல் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மிட்சுபிஷியின் 4டி56-ல் ராக்கர் ஆர்ம்கள் பல நேரம் முதலில் உடைந்து வால்வைக் காப்பாற்றுவதுண்டு; ஆனால் அதை நம்பி ராக்கரை மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது. முதல் விதி, ஸ்டார்ட்டரைத் திரும்பத் தொடாதீர்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் இரு வால்வும் மூடிய நிலையில் 100 பிஎஸ்ஐ காற்றைக் கொடுத்து லீக்டவுன் (எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும்) சோதனை. 10, 15 சதவீதக் கசிவு சாதாரணம். இன்டேக்கிலோ சைலன்சரிலோ சீறல் கேட்டால் அந்த வால்வு வளைந்தது, ஹெட் இறங்க வேண்டும். பிஸ்டன் தலையில் தொட்ட தடம் மட்டும் என்றால் ஹெட் வேலை போதும். வால்வு தலை உடைந்து சிலிண்டர் சுவரைக் கீறியிருந்தால் ஹெட்டில் செலவழிப்பது வீண், இன்ஜினை முழுதாகக் கட்டுவதா மாற்றுவதா என்பதே மீதிக் கேள்வி. அந்தக் கட்டத்தில் பயன்படுத்திய இன்ஜின் வாங்குபவர்கள் அதன் பெல்ட்டையோ செயினையோ வெளியே இருக்கும்போதே மாற்றிவிட்டுத்தான் உள்ளே ஏற்ற வேண்டும்.

கனரக டீசல்கள் பெரும்பாலும் கியர் டைமிங். பல் தாண்டாது, நீளாது. கோளாறு வந்தால் திடீரென்று வரும். கம்மின்ஸ் 5.9-ன் பழைய வகைகளில் கியர் கேஸில் உள்ள ஒரு டவல் பின் (பாகத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு உலோகக் குச்சி) அதிர்வில் மெல்ல வெளியேறி கியர்களுக்கு நடுவே விழுந்துவிடும். முன் கவரைத் திறந்து அந்தப் பின்னைத் தட்டி உள்ளே ஏற்றி, மேலே ஒரு சிறு தகட்டைப் போல்ட் போட்டு மூடுவது முன்னெச்சரிக்கை வேலை. விழுந்த பிறகு செய்வது இன்ஜின் வேலை. இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் விவாதமே இல்லை. பழைய மெக்கானிகல் பம்ப் லாரிகளில் டைமிங் என்றாலே பம்ப் டைமிங்தான்: வெள்ளைப் புகை, குளிரில் பிடிவாதம் என்றால் தாமதம், கடினமான தட்டு என்றால் முந்தல். சுழல் பம்ப்பின் பின் மூடியில் டயல் கேஜ் வைத்து பிளஞ்சர் லிஃப்ட்டை அளந்து சரிசெய்ய வேண்டும். காதால் வைக்கும் டைமிங் ஓடும், ஆனால் இன்ஜெக்டரையும் பிஸ்டனையும் மெல்லத் தின்னும்.

முழு வேலையில் கை தவறும் இடங்கள்

இன்ஜினை அது சுழலும் திசையில் மட்டுமே, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்துத் திருப்ப வேண்டும். பின்னால் திருப்பினால் தொய்வு இறுகிய பக்கம் வந்துவிடும், தளர்ந்த டென்ஷனரோடு பல் தாண்டும்.

செயினின் நிற இணைப்புகள் மாட்டும்போது மட்டுமே பயன்படும். இரண்டு சுற்று சுற்றியதும் அவை மார்க்கில் நிற்காது, அதைப் பார்த்துப் பதறி மறுபடி பிரித்தவர்கள் உண்டு. 150 இணைப்பும் 42 பல்லும் என்றால் நிறம் திரும்ப அதே இடத்துக்கு வர கிராங்க் 50 சுற்று சுற்ற வேண்டும். சரிபார்க்க வேண்டியது ஸ்ப்ராக்கெட் மார்க்கையும் லாக்கிங் பின்னையும்தான்.

டென்ஷனரின் பூட்டுப் பின்னை எடுத்துவிட்டோமா என்பதை இருவர் பார்ப்பது நல்லது. பின்னோடு கவரை மூடுவது கேட்கச் சிரிப்பாக இருக்கும், நடக்கிறது. பிறகு கையால் கிராங்கை முழுதாக இரண்டு சுற்று. எங்காவது கட்டியாக முட்டினால் வலுக்கட்டாயம் செய்யாமல் நிறுத்த வேண்டும்: அது வால்வு பிஸ்டனில் உட்கார்ந்த இடம்.

ஹெட்டும் பிளாக்கும் சேரும் மூலைகளில் சீலன்டை மறப்பதால்தான் பெரும்பாலான முன்கவர் கசிவு. இரண்டு மேற்பரப்பும் எண்ணெய் இல்லாமல் இருக்க வேண்டும், ட்யூபில் சொன்ன நிமிடத்துக்குள் கவர் பதிய வேண்டும், சொன்ன மணி நேரம் காயும் வரை ஆயில் ஊற்றக் கூடாது. கோணத்தில் இறுக்கும் போல்ட்டைக் கோணமானி வைத்தே இறுக்க வேண்டும், கை மதிப்பு கூடாது. கைடு உடைந்த வண்டி என்றால் சம்பைக் கழற்றாமல் முடிக்காதீர்கள், துணுக்குகள் பிக்கப்பில் காத்திருக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் பிரஷர் ஏறிய பிறகுதான் ஓடவிட வேண்டும். சில விநாடி சத்தம் வந்து அடங்கும், அது டென்ஷனர் நிரம்பும் சத்தம். ஒரு நிமிடம் கழித்தும் கேட்டால் நிறுத்துங்கள். கிராங்க் வேரியேஷனைக் கற்கச் செய்யும் நடைமுறை உள்ள வண்டிகளில் அதை முடிக்காவிட்டால் மிஸ்ஃபயர் கோடு பொய்யாக வரும்.

அதன்பின், பிரிப்பதற்கு முன் எடுத்த அதே ஸ்கோப் படத்தை, அதே முறையில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது திரும்ப எடுங்கள். மூன்று பல் தள்ளி நின்ற கேம் விளிம்பு இப்போது எந்தப் பல்லில் நிற்கிறது என்பதை இரண்டு படத்தையும் மேலே கீழே வைத்து எண்ணிப் பாருங்கள். ஒரு பல்லாவது இன்னும் தள்ளி நின்றால் வண்டி ஓடினாலும் சாவியைக் கொடுக்க வேண்டாம்.